சின்ன டிராக்டருக்கு மூடிய டிரெய்லர்: கதவை அளந்துவிட்டுப் பெட்டியைப் பாருங்கள்

மூடிய டிரெய்லரில் டிராக்டரை ஏற்றிய முதல் நாள். ராம்ப் கதவை இறக்கி, குறைந்த கியரில் மெல்ல மேலே போனேன். முன் சக்கரங்கள் பெட்டிக்குள் போய்விட்டன. பின் சக்கரங்கள் வாசலைத் தொடும்போது தலைக்குப் பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம். ரோல் பார், அதாவது வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்க இருக்கைக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு, கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பில் முட்டி நின்றது. ரோல் பார் ஆறடி ஏழு அங்குலம், பெட்டியின் உள்ளுயரம் ஆறடி ஒன்பது அங்குலம் என்று அளந்து பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். கதவுத் திறப்பு ஆறடி ஐந்து அங்குலம்தான் என்பதை மட்டும் அளக்கவில்லை. சரி, ரோல் பாரை மடக்கிவிடலாம் என்று பார்த்தால், அதைப் பூட்டியிருக்கும் இரும்பு முளை பல வருடமாகத் தொடாததால் துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது. டிராக்டரைப் பின்னோக்கி இறக்கி, எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டி அதைக் கழற்றுவதற்குள் அரை நாள் போய்விட்டது.

மூடிய டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நீளத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். 12 அடியா, 16 அடியா என்று. நீளம் முக்கியம்தான். ஆனால் வாங்கிய பிறகு தலைவலி கொடுப்பது நீளமாக இருப்பது அபூர்வம். கதவு கொடுக்கும், எடை கொடுக்கும். இந்த இரண்டையும் சரியாகப் பார்த்துவிட்டால் மீதியைச் சமாளித்துக்கொள்ளலாம். இங்கே சின்ன டிராக்டர் என்று நான் சொல்வது, 20 முதல் 25 எச்பி வரை உள்ள, தோட்டத்துக்கும் சிறு பண்ணைக்கும் ஆன வண்டியை.

அதற்கு முன் ஒரு கேள்வி: மூடியதுதான் வேண்டுமா? திறந்த டிரெய்லர் எடை குறைவு, விலை குறைவு, ஏற்றுவது சுலபம், நாலு பக்கமும் நின்று கட்டலாம். வருடத்துக்கு இரண்டு முறை பக்கத்து ஊர் வரை கொண்டுபோகிறவர் மூடியதை வாங்கினால் பணம் வீண் என்பேன். மழை, புழுதி, திருட்டு மூன்றிலிருந்தும் காக்கிறது என்பதும், ஓடாத நாட்களில் அதுவே டிராக்டருக்குக் கொட்டகை ஆகிவிடுகிறது என்பதும்தான் மூடியதன் பலம். டிராக்டரோடு செயின்சா, ஹைட்ராலிக் ஹோஸ், கருவிப் பெட்டி என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் வேலை செய்கிறவருக்கு அது உண்மையிலேயே லாபம்.

எடைக் கணக்கு

டிராக்டரின் விளம்பரத் தாளில் ஒரு எடை போட்டிருக்கும். அது பெரும்பாலும் வெறும் வண்டியின் எடை. உங்கள் வண்டி அப்படி வெறுமனே நிற்பதில்லை. ஒரு உதாரணம் பார்ப்போம். வெறும் டிராக்டர் 700 கிலோ. முன்னால் லோடரும் பக்கெட்டும் சேர்ந்து 230. அடியில் புல்வெட்டும் டெக் 90. பின் டயர்களில் நிரப்பிய தண்ணீரும், பின்னால் மாட்டிய எடைக்கட்டியும் சேர்ந்து 120. டீசல், சங்கிலி, கருவிகள் என்று இன்னொரு 60. கூட்டினால் 1,200 கிலோ. எழுநூறு என்று நினைத்துக்கொண்டு டிரெய்லர் பார்க்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

டிரெய்லரிலும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. அதன் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் மொத்த எடை வரம்பு போட்டிருக்கும். அதில் டிரெய்லரின் சொந்த எடையும் அடக்கம். வரம்பிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பளு. மூடிய பெட்டியின் சுவர், கூரை, கதவு எல்லாம் சேர்ந்து இந்தக் கழித்தலைப் பெரிதாக்கிவிடும். ஒற்றை அச்சு வைத்த 12 அடிப் பெட்டிகளில் பரவலாகக் கிடைக்கும் வகைக்கு மொத்த வரம்பு சுமார் 1,350 கிலோ. பெட்டியே ஐந்நூறு, அறுநூறு கிலோ சாப்பிட்டுவிடும். மிச்சம் எழுநூற்றைம்பது கிலோ அளவுக்கு. நம் 1,200 கிலோ டிராக்டருக்கு அது ஆகாது. இரட்டை அச்சு, ஒவ்வொன்றும் சுமார் 1,590 கிலோ தாங்குவது என்று போனால் வரம்பு 3,175 கிலோவாக ஏறும். பெட்டியின் எடை 1,250 என்று வைத்தாலும் 1,900க்கு மேல் ஏற்றலாம். லோடர் வைத்த டிராக்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரட்டை அச்சுக்குப் போங்கள். ஒரு டயர் வெடித்தாலும் வண்டியை ஓரம் கட்ட அவகாசம் கிடைக்கும் என்பது கூடுதல் நிம்மதி.

அடுத்தது இழுக்கும் வண்டி. டிரெய்லர் 1,250, சுமை 1,200, ஆக 2,450 கிலோ. அதன் இழுவை வரம்பு இதைவிடக் கணிசமாக அதிகம் இருக்க வேண்டும். அத்தோடு டிரெய்லரின் மூக்கு, அதாவது கொக்கியின் மேல் உட்காரும் பகுதி, ஒரு எடையைக் கீழே அழுத்துகிறது. அதற்கும் தனி வரம்பு உண்டு. அந்த எடை இழுக்கும் வண்டியில் நீங்களே மூட்டை ஏற்றியதற்குச் சமம். ஐந்து பேரை உட்கார வைத்துக்கொண்டு இழுக்கப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வண்டியின் கையேட்டில் இரண்டு எண்களும் இருக்கும், விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை.

காற்றையும் எடையோடு சேர்த்தே எண்ணுங்கள். பெட்டி ஒரு சுவரைப் போலக் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 100-ல் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். எரிபொருள் முள் இறங்குவதைப் பார்த்தாலே புரியும். முன்பக்கம் கூர்மையாக, ‘வி’ வடிவில் இருக்கும் பெட்டிகள் இதைக் கொஞ்சம் குறைக்கும். அந்தக் கூர்மையான இடத்தில் பக்கெட் நுழையாது, அது சதுரமானது. அங்கே கயிறும் சங்கிலியும் வைக்கலாம். ஆகவே கூர்முனையையும் சேர்த்து ‘18 அடி’ என்று யாராவது சொன்னால், டிராக்டருக்குக் கிடைக்கும் தளம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

கதவு

இனி கதவு. நாலு விஷயம் பார்க்க வேண்டும்: உயரம், அகலம், சரிவு, பலம்.

உயரத்தைப் பற்றி என் கதையே போதும். பின்கதவின் திறப்பு உள்ளுயரத்தைவிடச் சில அங்குலம் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் மேலே ஒரு குறுக்குச் சட்டமும் கதவைத் தூக்கும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. டிராக்டரை, டயரில் சரியான காற்றோடு, சமதரையில் நிறுத்தி, அதன் மிக உயரமான பாகத்தை அளந்துகொள்ளுங்கள். அது ரோல் பாராக இருக்கலாம், சைலன்சர் குழாயாகவும் இருக்கலாம். ரோல் பாரை மடக்கித்தான் ஏற்றுவேன் என்றால், மடக்கிய நிலையில் பின்னால் எவ்வளவு நீட்டுகிறது என்பதையும் அளக்க வேண்டும். இன்னொன்று: மடக்கிய ரோல் பார் உங்களைக் காப்பாற்றாது. ஏற்றி இறக்கும் அந்தச் சில நிமிடங்களிலும் டிராக்டர் கவிழ வாய்ப்பு உண்டு. அதனால் மடக்காமலே நுழையும் உயரமுள்ள பெட்டியாகப் பார்த்து, கிடைக்கவில்லை என்றால் ஆர்டர் கொடுத்துக் கூரையை அரை அடி உயர்த்தியாவது வாங்கலாம் என்பது என் கருத்து.

அகலம்தான் ஆட்களை ஏமாற்றுவது. ஏழடி அகலம் என்று சொல்லப்படும் பெட்டியின் உள்ளே ஆறடி எட்டு அங்குலம் இருக்கும். கதவுத் திறப்பு அதிலும் சில அங்குலம் குறையும். டிராக்டரின் அகலம் நாலடி இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தினால் இரு பக்கமும் பதினைந்து அங்குலம். டிராக்டர் தாராளமாக உள்ளே போய்விடும். இப்போது நீங்கள் இருக்கையிலிருந்து இறங்கிப் பாருங்கள். ஒரு காலைத் தூக்கி, பின் டயருக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நழுவ வேண்டும், பூட்ஸ் ஹைட்ராலிக் நெம்புகோலில் மாட்டிக்கொள்ளும், இடுப்பு பிளைவுட்டைத் தேய்க்கும். கொஞ்சம் பருமனான ஆள் என்றால் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு நான் எல்லோரிடமும் சொல்வது ஒரு சின்ன வேலை. வாங்குவதற்கு முன், சிமெண்ட் தரையில் பெட்டியின் உள்ளளவைச் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிராக்டரை அந்தக் கோட்டுக்குள் கொண்டு நிறுத்துங்கள். பக்கக் கோடுகளின் மேல் இரண்டு பழைய கதவுகளையோ பலகைகளையோ நிறுத்தி வையுங்கள். இப்போது எதையும் இடிக்காமல் இறங்குங்கள், முன்பக்கம் போய்க் குனிந்து ஒரு பெல்ட்டை மாட்டுங்கள், திரும்பி வாருங்கள். பத்து நிமிட வேலை. பக்கத்துக் கதவு எந்த இடத்தில் வந்தால் வசதி என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பக்கத்துக் கதவு இல்லாத மூடிய டிரெய்லரை டிராக்டருக்கு வாங்கவே வேண்டாம்.

எட்டரை அடி அகலப் பெட்டி விசாலமாகத் தெரியும். ஆனால் அதில் சக்கர மூடிகள் தளத்தின் உள்ளே புடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஏழடிக்கும் குறைவாகவே வரும். டிராக்டர் அந்த இடைவெளிக்குள் போக வேண்டும், புல்வெட்டி டெக்கின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வாயையும் சேர்த்து அளந்தால்தான் நிஜம் தெரியும். நீளத்துக்கும் இதே விதி. வெறும் டிராக்டர் எட்டடி என்றால், லோடர் இரண்டு, மூன்று அடி சேர்க்கும், பின்னால் மாட்டும் கருவி இன்னொரு மூன்று, நாலு அடி. 16 அடித் தளம் வேண்டும் என்று பலரும் வந்து நிற்பது இப்படித்தான்.

சரிவுக்கு வருவோம். தளம் தரையிலிருந்து 21 அங்குலம் உயரம், ராம்ப் கதவு ஆறரை அடி நீளம் என்றால் சரிவு ஏறக்குறைய 16 பாகை வரும். நாலடிக்கு ஓரடிக்கும் சற்று அதிகமான ஏற்றம். ஏறுவதற்கு இது பெரிய சிரமமில்லை. சிக்கல் மேலே, சரிவு முடிந்து தளம் தொடங்கும் மூலையில். முன் சக்கரம் தளத்தில், பின் சக்கரம் ராம்பில் இருக்கும் அந்த நொடியில் டிராக்டரின் வயிறு மூலையை நோக்கி இறங்குகிறது. வயிற்றில் தொங்குவது புல்வெட்டி டெக். முழுக்கத் தூக்கி வைத்திருந்தாலும் சில வண்டிகளில் உரசும். ராம்ப் முனையில் மடக்குப் பலகை வைத்து நீட்டினால் கோணம் இரண்டு, மூன்று பாகை குறையும். டிரெய்லரின் வால் பகுதியே கொஞ்சம் சரிந்திருக்கும் மாடலும் உண்டு. இரண்டும் முடியவில்லை என்றால் ராம்ப் முனைக்கு அடியில் கனமான மரக்கட்டை கொடுத்து உயர்த்துகிறார்கள். கட்டை நகராமல் இருக்க வேண்டும், அது உங்கள் பொறுப்பு.

பலத்தை யாரும் கேட்பதே இல்லை. டிரெய்லர் இரண்டு டன் தாங்கும் என்பதால் அதன் கதவும் தாங்கும் என்று அர்த்தமில்லை. பைக்கும் சாமான்களும் ஏற்றுவதற்கென்று செய்த ராம்ப் கதவுகள் உண்டு, அதில் டிராக்டரை ஏற்றினால் பலகை நடுவில் தொய்ந்து, கீல் இழுபட்டு, ஒரு வருடத்தில் கதவு சாத்தவே சாத்தாது. டிராக்டரின் எடை பரவலாக விழுவதில்லை, நாலு டயர் தொடும் உள்ளங்கை அளவு இடங்களில் விழுகிறது. ராம்பின் தாங்குதிறனை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேலே உள்ள ஸ்பிரிங்கும் கம்பிவடமும் கதவைத் தூக்க உதவுவதற்கு மட்டும், சுமை தாங்குவதற்கு இல்லை. ராம்பின் முனை தரையில் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தளமும் அப்படியே: முக்கால் அங்குல பிளைவுட், அடியில் 16 அங்குலத்துக்கு ஒரு குறுக்குச் சட்டம் என்றால் நல்லது. 24 அங்குல இடைவெளி டிராக்டருக்கு எனக்குத் திருப்தியில்லை.

ஏற்றுவதும் கட்டுவதும்

ஏற்றும்போது டிரெய்லர் இழுக்கும் வண்டியில் மாட்டியே இருக்க வேண்டும். ஆனாலும் ஒரு ஆபத்து உண்டு. டிராக்டர் ராம்பில் ஏறும்போது டிரெய்லரின் வால் கீழே அழுந்துகிறது, மூக்கு மேலே எழும்புகிறது. மூக்கு எழும்பினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கும். கைபிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின் சக்கரம் தரையில் லேசாகிவிட்டால் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்தே நகரத் தொடங்கும், நீங்களோ பாதி ராம்பில். டிரெய்லரின் பின் மூலைகளுக்கு அடியில் இரண்டு தாங்குக்கால்கள் கொடுத்தால் இந்தக் கதை முடிந்தது. பல டிரெய்லர்களில் அவை பொருத்தியே வரும், இல்லை என்றால் தனியாக வாங்கிப் பொருத்தலாம்.

நாலு சக்கர டிரைவைப் போட்டு, குறைந்த கியரில், பக்கெட்டைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, மெதுவாக ஏறுங்கள். பின்னால் கனமான கருவி மாட்டி, முன்னால் லோடர் இல்லாத டிராக்டரை முன்னோக்கி ஏற்றினால் முன் சக்கரம் தூக்கும். அதைப் பின்னோக்கி ஏற்றுவது பாதுகாப்பு. உள்ளே நின்றதும் எஞ்சினை அணைத்துவிடுங்கள். மூடிய பெட்டிக்குள் புகையும் கார்பன் மோனாக்சைடும் நிமிடங்களில் சேர்ந்துவிடும், அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.

எங்கே நிறுத்துவது? பொதுவாகச் சொல்லும் கணக்கு, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும் என்பது. நம் 2,450 கிலோவுக்கு 10 சதவீதமே 245 கிலோ. கொக்கி வரம்பு இதைவிடக் குறைவாக உள்ள வண்டி என்றால் அந்த வண்டியின் கையேடுதான் பேச வேண்டும். டிராக்டரை ஒரே ஒரு அடி முன்னே நகர்த்தினால் என்ன ஆகும் தெரியுமா? அச்சின் நடுவிலிருந்து கொக்கி 13 அடி என்றால், 1,200 கிலோவை 13 ஆல் வகுங்கள்: மூக்கில் 92 கிலோ கூடும். பின்னால் நகர்த்தினால் அதே அளவு குறையும். அதாவது ஓரடி தவறினாலே நிலைமை தலைகீழ். பின்கனம் அதிகமான டிரெய்லர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும், ஆட்டம் ஒவ்வொரு வீச்சிலும் பெரிதாகும். அப்படி ஆனால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க எடை மேடைக்கு ஒரு முறை போய்வருவது போதும். டிரெய்லர் மட்டும் முழுக்க மேடையில் இருக்க, இழுக்கும் வண்டி மேடைக்கு வெளியே நிற்க, மாட்டிய நிலையில் ஒரு எடை. கழற்றி, மூக்கை அதன் சொந்த ஜாக்கில் நிறுத்தி இன்னொன்று. வித்தியாசம்தான் மூக்கு எடை. இடம் சரியாக வந்ததும் தளத்தில் பெயிண்டால் முன் டயருக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள். அப்புறம் யார் ஏற்றினாலும் அந்தக் கோடு வரைதான்.

கட்டுவதற்குத் தளத்தில் உள்ள வளையங்கள் வெறும் பிளைவுட்டில் திருகியிருந்தால் அவை அலங்காரம்தான். அடியிலுள்ள இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டோ வெல்டிங் செய்தோ இருக்க வேண்டும், டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிடுங்கள். நாலு மூலையிலும் நாலு கட்டு, முன்னிரண்டு முன்னோக்கியும் பின்னிரண்டு பின்னோக்கியும் இழுக்க வேண்டும். பெல்ட்டில் இரண்டு எண் போட்டிருக்கும். பெரிதாக அச்சிட்டிருப்பது அறுந்துபோகும் எடை. நீங்கள் பார்க்க வேண்டியது வேலைச் சுமை வரம்பு, அது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். பக்கெட்டைத் தளத்தில் இறக்கி வையுங்கள், ஹைட்ராலிக்கை நம்பித் தூக்கி வைக்காதீர்கள். கைபிரேக் போடுங்கள். ஹைட்ரோஸ்டேட்டிக் டிராக்டரில், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரம் ஓடும் வகையில், கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்று எண்ணிவிடாதீர்கள்.

மூடிய பெட்டியில் மட்டும் வரும் ஒரு தொல்லை: டிராக்டர் உள்ளே போனபின் முன் மூலைகளுக்குப் போய் வளையத்தில் மாட்டுவது கஷ்டம். அதனால் முன் பெல்ட்டுகளை முன்கூட்டியே வளையங்களில் மாட்டி, சுவரோரமாகத் தொங்கவிட்டுவிட்டு ஏற்றுவேன். கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி எல்லாக் கட்டுகளையும் ஒரு தடவை இறுக்குங்கள். டயரின் ரப்பர் குலுங்கிக் குலுங்கி அமர்ந்ததும் பெல்ட் தளர்ந்திருக்கும்.

மற்றவை சுருக்கமாக. இந்த எடைக்கு டிரெய்லரில் பிரேக் கட்டாயம் வேண்டும். மின்சார பிரேக் என்றால் இழுக்கும் வண்டியில் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும், டிரெய்லர் முன்னே தள்ளும் விசையிலேயே பிடிக்கும் தானியங்கித் தள்ளுபிரேக் என்றால் வேண்டியதில்லை. டிரெய்லர் கழன்று ஓடினால் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் சின்ன பேட்டரி மின்சார பிரேக் டிரெய்லரில் இருக்கும், அதில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம், பதிவு விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், வாங்கும் முன் விசாரித்துவிடுங்கள். பக்கச் சுவரில் காற்றுப்போக்கி அவசியம். ஈரமான டிராக்டரையும் புல் ஒட்டிய டெக்கையும் காற்றில்லாத பெட்டியில் ஒரு வாரம் பூட்டி வைத்தால் துருவும் பூஞ்சையும் உங்களை வரவேற்கும்.

பழையதை வாங்குவதாக இருந்தால் டயரின் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3221 என்றால் 2021-ன் 32-வது வாரத்தில் செய்தது. டிரெய்லர் டயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்றே வயதாகின்றன, பட்டை புதுசாகத் தெரிந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டியதை மாற்றிவிடுவது நல்லது. ஓட்டிவிட்டு வந்ததும் சக்கர மையத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் பேரிங்கில் ஏதோ கோளாறு. பின்கதவின் அருகே தளத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், மரம் முதலில் உளுத்துப்போகும் இடம் அதுதான். கடைசியாக, நல்ல வெயில் நேரத்தில் உள்ளே போய் நின்றுகொண்டு எல்லாக் கதவையும் வெளியிலிருந்து சாத்தச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் கூரையையும் மூலைகளையும் அண்ணாந்து பாருங்கள். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரியும் ஒவ்வொரு இடத்திலும் மழை ஒழுகும். எத்தனை புள்ளி என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்து விலை பேசலாம்.